தோட்டப்புற வீட்டில் முதல் கணினி: விளையாட்டுக்கும் மின்னிலக்க ஓவியத்துக்கும் குறைந்த செலவில் அமைக்கும் முறை

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில் எஸ்.பி.எம். என்ற ஐந்தாம் படிவ இறுதித் தேர்வு முடிந்த கையோடு ஏதாவதொரு வேலையில் சேர்ந்து பணம் சேர்க்கும் பிள்ளைகள் பலர், விளையாடவும் படம் வரையவும் ஒரே கணினியாக அமைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்கிறார்கள். முடியும். ஆனால் இவ்விரு வேலைகளும் பணத்தை வெவ்வேறு பாகங்களில் கேட்கின்றன. விளையாட்டுக்கு முதலில் வேண்டியது, படங்களை உருவாக்கித் திரைக்கு அனுப்பும் கிராபிக்ஸ் கார்டு. ஓவியத்துக்கு முதலில் வேண்டியவை தாராளமான ரேம் (வேலை நடக்கும்போது பயன்படும் நினைவகம்), நிறம் பிசகாத திரை, அழுத்தத்தை உணரும் பேனா. கடைகளில் கட்டித் தயாராக வைத்திருக்கும் வண்ண விளக்குக் கணினிகளில் பெரும்பாலும் முதல் தேவை மட்டுமே கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுகிறது. அதுவும் பாகங்களுக்கு மின்சாரம் தரும், கண்ணுக்குத் தெரியாத பவர் சப்ளையில் செலவைக் குறைத்து, கண்ணைப் பறிக்கும் விசிறிகளில் கூட்டியிருப்பார்கள். மாலை தவறாமல் இடி இடிக்கும் நம் ஊர்களுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. பாகங்களைத் தனித்தனியே தேர்ந்து வீட்டிலேயே பொருத்த விரும்பும் புதியவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

பணத்தைப் பிரிக்கும் முறை

பாகங்களின் விலை நிலையாக நிற்பதில்லை. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளைப் பெருமளவில் வாங்கிக் குவிப்பதால், 2025 இறுதியிலிருந்து ரேம், எஸ்.எஸ்.டி. (கோப்புகளைச் சேமிக்கும் பாகம்) ஆகிய இரண்டின் விலையும் ஏறியிருக்கிறது. ஆகவே இன்ன பாகம் இத்தனை ரிங்கிட் என்று எழுதினால் அடுத்த மாதமே அது பொய்யாகிவிடக்கூடும். கையில் இருக்கும் ஒவ்வொரு நூறு வெள்ளியையும் எப்படிப் பிரிப்பது என்று சொல்வதுதான் நிலைத்து உதவும். திரை, பேனாப் பலகை (பேனாவால் வரைவதற்குக் கணினியோடு இணைக்கும் பலகை) உட்பட எல்லாவற்றையும் சேர்த்து நான் சொல்லும் பிரிப்பு இது: கிராபிக்ஸ் கார்டுக்கு 28, கணினியின் மூளையான பிராசஸருக்கு 14, எல்லாப் பாகங்களையும் இணைக்கும் மதர்போர்டுக்கு 11, ரேமுக்கும் எஸ்.எஸ்.டி.க்கும் சேர்த்து 18, பவர் சப்ளைக்கு 8, கேசிங்குக்கு 4, திரைக்கு 12, பேனாப் பலகைக்கு 5. விளையாட்டை மட்டும் நினைத்துப் பட்டியல் போடுபவர்கள் கிராபிக்ஸ் கார்டுக்கு நாற்பதுவரை ஒதுக்குவதுண்டு. வரையவும் விரும்புபவர் அவ்வளவு தூரம் போனால், கடைசியில் மங்கலான பழைய திரையில் படம் வரைய வேண்டியிருக்கும்.

பிராசஸரைப் பொறுத்தவரை, ஏஎம்டி நிறுவனத்தின் ஏஎம்4 வரிசை (பிராசஸர் அமரும் சாக்கெட்டின் பெயரால் வந்தது) இன்றைக்கும் சிக்கனமான வழிதான். 2022இல் வெளிவந்த ரைசன் 5 5600 ஆறு கோர்களும் (வேலை செய்யும் மையங்கள்) பன்னிரண்டு திரெட்களும் (ஒரே நேரத்தில் ஓடும் பணிகள்) கொண்டது. 65 வாட் வகை. குளிர்விப்பான் பெட்டியிலேயே வருகிறது. புதிய ஏஎம்5 வரிசை இன்னும் பல ஆண்டுகளுக்கு மேம்படுத்த இடம் தரும் என்பது உண்மையே. ஆனால் அது டிடிஆர்5 என்ற புதிய வகை ரேமை மட்டுமே ஏற்கும் என்பதால், முதல் கணினிக்கு அந்தச் செலவு பாரமாகிவிடும். இன்டெல் பக்கம் நான்கு கோர்கள் கொண்ட ஐ3-12100எஃப் இன்னும் மலிவாகக் கிடைக்கலாம். விளையாட்டுக்கு அது போதும். முப்பரிமாண வேலையோ காணொளி வெட்டும் வேலையோ சேர்ந்தால் ஆறு கோர்களின் அருமை தெரியும்.

முழுத் தொகையும் இன்னும் சேரவில்லை என்றால், ரைசன் 5 5600க்குப் பதிலாக 5600ஜி வாங்குவதை நான் மனமார ஆதரிக்கிறேன். இதில் படம் காட்டும் திறன் பிராசஸருக்குள்ளேயே இருப்பதால், கிராபிக்ஸ் கார்டு இல்லாமலே கணினி இயங்கும். அன்றைக்கே வரையத் தொடங்கலாம். டோட்டா 2, வேலரன்ட் போன்ற இலகுவான விளையாட்டுகளை அமைப்புகளைக் குறைத்து ஆடலாம். ஆறேழு மாதங்கள் கழித்துக் கார்டைச் செருகிக்கொள்ளலாம். 5600ஜி, கார்டை இணைக்கும் பிசிஐஇ வழியின் மூன்றாம் தலைமுறையோடு நின்றுவிடுவதால், பின்னாளில் சேர்க்கும் கார்டின் வேகத்தில் சிறிதளவு குறையும்; கடன் வாங்கிக் கணினி கட்டுவதைவிட அந்தக் குறையைப் பொறுத்துக்கொள்ளலாம். பெயரின் இறுதியில் எஃப் என்ற எழுத்து உள்ள இன்டெல் பிராசஸர்களிலும், ஜி இல்லாத 5600இலும் இந்த வசதி கிடையாது. கார்டு இல்லாமல் அவற்றை வாங்கினால் திரையில் எதுவும் தெரியாது.

ஓவியத்துக்கு எவ்வளவு ரேம் வேண்டும்

இதைக் கணக்குப் போட்டுப் பார்ப்பதுதான் நல்லது. மின்னிலக்க ஓவியத்தில் கோடு, நிறம், நிழல், பின்னணி ஆகியவற்றைக் கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பதுபோலத் தனித்தனி அடுக்குகளில் வரைகிறோம். ஒவ்வொரு அடுக்கிலும் ஒரு பிக்சலுக்குச் சிவப்பு, பச்சை, நீலம், ஒளிபுகும் அளவு என நான்கு பைட்டுகள் செலவாகின்றன. ஏ4 தாள் அளவில், அச்சுக்கு உகந்த 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) தரத்தில் ஒரு படத்தைத் திறந்தால், அது 2480க்கு 3508 பிக்சல். அதாவது முழுக்க வரைந்த ஒரு அடுக்குக்கு ஏறக்குறைய 35 மெகாபைட். முப்பது அடுக்குகள் போட்டாலும் ஒரு ஜிகாபைட்டைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். பள்ளி இதழுக்கு அட்டைப்படமோ தீபாவளி வாழ்த்து அட்டையோ வரைபவருக்கு 16 ஜிபி ரேம் தாராளம்.

இனி நம் ஊரில் வரைபவர்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கோயில் திருவிழாப் பதாகையை எடுத்துக்கொள்வோம். பத்தடி அகலமும் நான்கடி உயரமும் கொண்ட பதாகையை 100 டிபிஐயில் அமைத்தால் 12,000க்கு 4,800 பிக்சல் ஆகிறது. ஒரு அடுக்குக்கு 230 மெகாபைட். அம்மன் அலங்காரம், கோபுரம், மாவிலைத் தோரணம், எழுத்துகள், ஒளிவட்டம் என்று இருபது அடுக்குகள் சேர்ந்தால் நாலரை ஜிகாபைட்டைத் தாண்டுகிறது. செய்ததைத் திரும்பப் பெறுவதற்காக மென்பொருள் வைத்திருக்கும் முந்தைய நிலைகளும் அதன்மேல் ஏறும். விண்டோஸ் தனக்கென்று எடுத்துக்கொள்வதையும், மாதிரிப் படங்களுக்காகத் திறந்து வைத்த உலாவியையும் கூட்டினால், 8 ஜிபி கணினி திணறிப் போகும். தூரிகை கைக்குப் பின்னால் இழுபட்டு வருவது பெரும்பாலும் இதனால்தான். பலர் நினைப்பதுபோல் கிராபிக்ஸ் கார்டின் குறையால் அன்று.

எனவே 16 ஜிபி என்பது கீழ்வரம்பு. பதாகைகளும் பெரிய படங்களும் வரைபவர் 32 ஜிபியை இலக்காக வைத்துக்கொள்ளலாம். ரேமை எப்படிப் பிரித்து வாங்குவது என்பது பிராசஸரைப் பொறுத்தது. 5600ஜி வைத்துத் தொடங்குபவர், படம் காட்டும் பகுதியும் அதே ரேமைப் பகிர்ந்துகொள்வதால், இரண்டு 8 ஜிபி தகடுகளாகவே வாங்க வேண்டும். ஒரே தகடாக வாங்கினால் விளையாட்டின் வேகம் கண்கூடாக விழுந்துவிடும். தனிக் கார்டு வைத்திருப்பவர், தற்போதைய விலையைப் பார்த்து ஒரு 16 ஜிபி தகட்டை இப்போதும், அதே வகையில் இன்னொன்றைப் பிறகும் வாங்கினாலும் பெரிய நட்டமில்லை. டிடிஆர்4, 3200 வேகம் என்று இருந்தால் போதும்.

திரையில் முதலில் பார்க்க வேண்டியது ஐபிஎஸ் வகையா என்பது. டிஎன் வகைத் திரையில் தலையைச் சற்றுச் சாய்த்தாலே நிறம் மாறும். காலையில் தேர்ந்த மாநிறத் தோல் மாலையில் சாம்பல் பூத்ததுபோல் தெரிந்தால் வரைபவருக்குத் தன் கண்மேலேயே நம்பிக்கை போய்விடும். 24 அங்குலம், 1920க்கு 1080 பிக்சல், எஸ்ஆர்ஜிபி என்ற பொது நிற வரம்பில் நூறு விழுக்காட்டுக்கு அண்மையான அளவு என்று விளக்கத்தில் எழுதியிருப்பதைத் தேடுங்கள். 100 ஹெர்ட்ஸ், 144 ஹெர்ட்ஸ் (திரை நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது) என்ற எண்கள் விளையாட்டுக்கு இனிமை சேர்ப்பவை. நிறத்தை விட்டுக்கொடுத்து அவற்றை வாங்க வேண்டாம்.

பேனாப் பலகையில், திரை இல்லாத சாதாரண வகையே முதலில் போதும். ஹூயான் எச்640பி போன்ற ஆறுக்கு நான்கு அங்குலப் பலகையில்கூட 8192 அழுத்தப் படிகள் உள்ளன. பேனாவுக்கு மின்கலமும் தேவையில்லை. வேக்கம் நிறுவனத்தின் சிறிய இன்டுவோஸ் 4096 படிகள் கொண்டது. கையில் பிடித்து வரையும்போது இந்த வித்தியாசத்தை யாராலும் உணர முடியாது என்பது என் எண்ணம். மணிக்கட்டை மட்டும் அசைத்து வரைபவருக்குச் சிறிய பலகை இதமாக இருக்கும். தோளிலிருந்து கையை வீசி நீண்ட கோடுகள் இழுப்பவருக்கு எக்ஸ்பி-பென் டெக்கோ 01 போன்ற பத்தங்குலப் பலகை ஏற்றது.

கிராபிக்ஸ் கார்டு

1080 தரத்தில் விளையாடுபவருக்கு, 2021இல் வந்த ரேடியான் ஆர்எக்ஸ் 6600 இன்னும் நல்ல தேர்வு. 8 ஜிபி நினைவகமும், 132 வாட் அளவுக்குள் அடங்கும் மின்செலவும் கொண்ட அது, சிறிய பவர் சப்ளையோடும் வெப்பமான அறையோடும் ஒத்துப்போகிறது. கிருத்தா போன்ற இருபரிமாண ஓவிய மென்பொருள்களுக்கு இதுவே மிகுதி. பிளெண்டர் என்ற மென்பொருளில் முப்பரிமாண உருவங்கள் செய்யும் எண்ணம் உறுதியாக இருந்தால் மட்டும் என்விடியா பக்கம் செல்லுங்கள். அதன் ஆப்டிக்ஸ் முறை இறுதிப் படத்தை உருவாக்கும் நேரத்தை நன்றாகக் குறைக்கிறது. அப்போது 12 ஜிபி கொண்ட ஆர்டிஎக்ஸ் 3060 பழையதாகக் கிடைத்தாலும் பார்க்கலாம். அது 170 வாட் வரை கேட்கும்.

பவர் சப்ளை, எர்த், இடி

இங்கே மட்டும் கஞ்சத்தனம் கூடாது. பவர் சப்ளை பழுதானால் தன்னோடு மதர்போர்டையும் கார்டையும் சேர்த்துக் கெடுக்கக்கூடும். பெயர் தெரிந்த நிறுவனத்தின் 550 வாட், 80 பிளஸ் பிரான்ஸ் என்ற மின்திறன் சான்று, குறைந்தது மூன்றாண்டு, முடிந்தால் ஐந்தாண்டு உத்தரவாதம் என்று தேடுங்கள். கேசிங்கோடு இலவசமாகத் தரும் பவர் சப்ளையைக் கையில் தூக்கிப் பார்த்தாலே அதன் எடை குறைவாக இருப்பது தெரியும். அதை நம்பி ஒரு கார்டை இணைக்க வேண்டாம்.

அடுத்தது வீட்டு மின்சாரம். பழைய லயத்து வீடுகளிலும், பிற்காலத்தில் ஒட்டிக் கட்டிய அறைகளிலும், மூன்று துளைப் பிளக் பாயிண்ட் இருந்தாலும் அதன் எர்த் (நில இணைப்பு) கம்பி எங்கும் இணைக்கப்படாமல் இருப்பதுண்டு. கணினி ஓடும்போது கேசிங்கின் வண்ணம் பூசாத திருகின்மேல் புறங்கை பட்டால் சுருசுருவென்று மெல்லிய மின்னுணர்வு தெரிகிறதா? பவர் சப்ளையின் உள்ளே இருக்கும் வடிகட்டி, எர்த் வழியே அனுப்ப வேண்டிய கசிவு மின்சாரத்தை அனுப்ப வழியில்லாமல் உலோகப் பெட்டியில் நிறுத்திவிடுகிறது என்பதற்கான அறிகுறி அது. ஆளை உடனே அது கொல்லாது. ஆனால் உண்மையான பழுது வரும் நாளில் உங்களைக் காக்க அந்த வீட்டில் எர்த் இல்லை என்று அது சொல்கிறது. பதிவுபெற்ற வயர்மேன் ஒருவரை அழைத்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள். தோட்ட நிர்வாகத்தின் வீடு என்றால், தோட்ட அலுவலகத்தில் சொல்லிச் செய்விப்பதே முறை. எர்த் இல்லாத பாயிண்டில் இடிதாங்கும் நீட்டிப்பு வயர் வாங்கிப் போட்டாலும் அதன் பாதுகாப்பில் பெரும்பகுதி கிடைக்காது, ஏனெனில் மிகை மின்னழுத்தத்தை அது தள்ளிவிட வேண்டிய இடமே எர்த்தான்.

நீட்டிப்பு வயர் வாங்கும்போது சிரிம் (மலேசியத் தரச்சான்று) ஒட்டுவில்லை இருக்கிறதா என்று பாருங்கள். இணையத்தில் மலிவாக வரும் இருகால் பிளக் வயர்களைக் கணினிக்குப் பயன்படுத்தவே கூடாது. கணினி இருக்கும் நீட்டிப்பில் இஸ்திரிப் பெட்டியையும் சோற்றுப் பானையையும் செருக வேண்டாம்.

மேற்குக் கரையில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் இடி கடுமையாக இருக்கும். இடி நெருங்கும்போது சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. பிளக்கையே உருவி எடுத்துவிடுங்கள். பலர் மறந்துவிடுவது இணைய வயரை. கண்ணாடி இழையாலான பைபர் வயர் மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் ரவுட்டரும் மின்சாரத்தில்தான் ஓடுகிறது. அதிலிருந்து கணினிக்கு வரும் செம்புக் கம்பி வயர் வழியே மிகை மின்சாரம் வந்து மதர்போர்டின் இணையப் பகுதியைப் பொசுக்கிவிடலாம். ஆகவே அதையும் கழற்றுங்கள்.

எங்கே வாங்குவது

சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். பாதி நாளில் போய் வந்துவிடலாம். விலையை ஷோப்பீ, லாசாடாவில் பார்த்து வைத்துக்கொண்டு, மதர்போர்டு, பவர் சப்ளை, திரை ஆகிய மூன்றையாவது நேரில் வாங்குமாறு சொல்வேன். திரையில் செத்த பிக்சல் இருந்தால் கடையிலேயே தெரிந்துவிடும். மற்ற இரண்டும் பழுதானால் பொட்டலம் கட்டி அனுப்பி வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். கோலாலம்பூரின் லோயாட் பிளாசாவில் தேர்வு அதிகம். பேருந்துச் செலவையும் சேர்த்துப் பார்த்தால் மிச்சம் பெரிதாக இருப்பதில்லை. வெளிநாட்டு விற்பனையாளரிடம் இணையவழி வாங்கும் 500 ரிங்கிட்டுக்கு மேற்படாத பொருள்களுக்கு 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. உள்ளூர் உத்தரவாதமும் பெரும்பாலும் இராது. இணையத்தில் வாங்கிய பொட்டலத்தைப் பிரிக்கும்போது, முத்திரை உடைக்கும் முன்பிருந்தே கைப்பேசியில் காணொளி எடுத்துக்கொள்ளுங்கள். உடைந்த பொருளுக்குப் பணம் திரும்பக் கேட்கும்போது அதுவே சான்று.

பழைய பொருள்களில் பிராசஸர், ரேம், கேசிங் ஆகியவற்றை வாங்கலாம். பழைய கிராபிக்ஸ் கார்டை, விற்பவர் வீட்டில் கனமான விளையாட்டு ஒன்றைக் குறைந்தது இருபது நிமிடம் ஓடவிட்டுப் பார்த்த பிறகே வாங்குங்கள். பழைய பவர் சப்ளை வேண்டாம். 'கோர் ஐ7' என்ற பெயரை மட்டும் பெரிதாகப் போட்டு விற்கும் கணினிகளிலும் கவனம் தேவை. ஐ7-3770 என்பது 2012ஆம் ஆண்டுப் பிராசஸர். விண்டோஸ் 11 அதை அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. விண்டோஸ் 10க்கான ஆதரவோ 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்துவிட்டது.

பொருத்துதல்

விரிப்பில்லாத மரமேசை, நல்ல வெளிச்சம், நுனி காந்தமான நட்சத்திரத் திருப்புளி ஒன்று, திருகுகளைப் போட்டுவைக்கச் சின்னக் கிண்ணங்கள் சில, இவ்வளவுதான் தேவை. பாகத்தைத் தொடும் முன் ஒவ்வொரு முறையும் பவர் சப்ளையின் உலோக உடலைத் தொட்டு, உடம்பில் சேர்ந்த நிலைமின்சாரத்தை இறக்கிவிடுங்கள். கேசிங்குக்குள் எதையும் வைக்கும் முன், மதர்போர்டை அதன் அட்டைப்பெட்டியின் மேல் கிடத்திப் பாதி வேலையை அங்கேயே முடிப்பது சுலபம்.

ஏஎம்4 பிராசஸரில் ஊசிகள் பிராசஸரின் அடியிலேயே இருக்கின்றன. அதை ஓரங்களால் மட்டும் பிடியுங்கள். மதர்போர்டில் உள்ள சிறு நெம்புகோலை நேராக மேலே தூக்குங்கள். பிராசஸரின் ஒரு மூலையில் தங்க நிற முக்கோணம் ஒன்று தெரியும். சாக்கெட்டின் மூலையிலும் அதே அடையாளம் இருக்கும். இரண்டையும் ஒன்றாக்கி வைத்தால் பிராசஸர் தன் எடையிலேயே இறங்கி அமரும். அழுத்த வேண்டிய தேவையே இல்லை. அழுத்தத் தோன்றினால் திசை தவறியிருக்கிறது என்று பொருள், எடுத்து மீண்டும் பாருங்கள். அமர்ந்த பிறகு நெம்புகோலை இறக்கிப் பூட்டுங்கள்.

பெட்டியோடு வரும் ரெய்த் ஸ்டெல்த் குளிர்விப்பானின் அடியில் வெப்பப்பசை ஏற்கெனவே பூசப்பட்டிருக்கும்; விரல் படக்கூடாது. மதர்போர்டில் சாக்கெட்டின் இருபுறமும் உள்ள பிளாஸ்டிக் தாங்கிகளைக் கழற்றிவிட்டு, பின்பக்கத் தகட்டைக் கையால் பிடித்துக்கொண்டு, நான்கு திருகுகளையும் மூலைவிட்டமாக மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். விசிறியின் வயரை சிபியு_ஃபேன் என்று எழுதிய இடத்தில் செருகுங்கள். பின்னாளில் குளிர்விப்பானைக் கழற்ற நேர்ந்தால், கணினியைச் சற்று நேரம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, பிளக்கை உருவிய பிறகு, குளிர்விப்பானை இடவலமாக மெல்லத் திருகி எடுங்கள். நேராக இழுத்தால் இறுகிய பசையோடு பிராசஸரும் பிய்ந்துகொண்டு வந்து ஊசிகள் வளையும்.

இரண்டு ரேம் தகடுகளை, நான்கு துளைகள் உள்ள போர்டில் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் இடுங்கள். கிளிப் 'டக்' என்று பூட்டும்வரை இரு முனைகளையும் அழுத்த வேண்டும். சிறு பட்டை வடிவிலான என்விஎம்இ வகை எஸ்.எஸ்.டி.யைச் சாய்வாகச் செருகி, படுக்கவைத்து, சிறு திருகால் நிறுத்துங்கள். ஒரு டெராபைட் வாங்குவது நல்லது. பெரிய விளையாட்டு ஒன்றே நூறு ஜிகாபைட்டை விழுங்கும் காலம் இது.

கேசிங்கின் உள்ளே மதர்போர்டைத் தாங்கும் பித்தளைக் கால்கள், போர்டின் துளைகளுக்கு நேராக மட்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். துளையில்லாத இடத்தில் ஒரு கால் நின்றால் அது போர்டின் பின்பக்கத்தைத் தொட்டுக் குறுக்குச் சுற்று உண்டாக்கும். போர்டின் பின்புற இணைப்புத் துளைகளுக்கான தகட்டைக் கேசிங்கில் முதலில் பொருத்திவிட்டு போர்டை இறக்குங்கள். பவர் சப்ளையிலிருந்து வரும் 24 ஊசி வயர் போர்டுக்கு. நான்கும் நான்குமாகப் பிரியும் எட்டு ஊசி வயர் பிராசஸருக்கு. ஆறும் இரண்டுமாகப் பிரியும் எட்டு ஊசி வயர் கிராபிக்ஸ் கார்டுக்கு. பின்னிரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பதால் வயரின்மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுச் செருகுங்கள். மாற்றி நுழைத்து வலுக்கட்டாயமாக அழுத்தினால் கார்டு போய்விடும். முன்பக்கப் பொத்தானின் சிறு வயர்களில் ஆன் பொத்தானுக்குத் திசை கிடையாது; விளக்குகளுக்கு மட்டும் கூட்டல், கழித்தல் பார்க்க வேண்டும். கடைசியாகக் கார்டை மேல் துளையில் செருகித் திருகிடுங்கள். பயன்படுத்தாத பின்புறத் துளைகளின் மூடிகளைக் கழற்றி எறிய வேண்டாம். நம் வீடுகளில் பல்லியும் எறும்பும் கதகதப்பைத் தேடி அந்த வழியாகத்தான் உள்ளே போகின்றன.

முதல் தடவை இயக்குதல்

கார்டு பொருத்தியிருந்தால், திரையின் வயரை மதர்போர்டில் செருகாமல் கிராபிக்ஸ் கார்டில் செருகுங்கள். முதல் இயக்கத்தில் ஓரிரு நிமிடம் திரை கருமையாகவே இருக்கலாம். ரேமைச் சோதிக்கும் நேரம் அது. அதன் பிறகும் படம் வராவிட்டால், பல போர்டுகளில் சிபியு (பிராசஸர்), டிராம் (ரேம்), விஜிஏ (கிராபிக்ஸ் கார்டு), பூட் (எஸ்.எஸ்.டி.) என்று நான்கு சிறு விளக்குகள் உண்டு. எது அணையாமல் நிற்கிறதோ அந்தப் பாகத்தைக் கழற்றி மீண்டும் சரியாகப் பொருத்துங்கள். பெரும்பாலும் அது சரியாக அமராத ரேமாகவே இருக்கும். பழைய இருப்பிலுள்ள பி450 போர்டு 5000 வரிசைப் பிராசஸரை அடையாளம் காணாமல் போகலாம். வாங்கும்போதே போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸைப் புதுப்பித்துத் தரச் சொல்லிவிட்டால் இந்த அலைச்சல் இராது.

டெலிட் விசையை அழுத்திப் பயாஸுக்குள் சென்று ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவிடும் எக்ஸ்எம்பியை இயக்குங்கள். அதைச் செய்யாவிட்டால் 3200 வேக ரேம் பெரும்பாலும் 2133, 2400 போன்ற குறைந்த வேகத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கும். வருடக்கணக்கில் அப்படியே பயன்படுத்துபவர்கள் பலர் இருக்கிறார்கள். விண்டோஸுக்கான உரிமத்தொகையை முதலிலேயே ஒதுக்கி வையுங்கள். பூட்டுடைத்த பிரதிகளோடு தீங்கு மென்பொருளும் வருவதுண்டு; வரைந்த படங்களை அதனிடம் ஒப்படைக்க வேண்டாம். விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் மிண்ட் இலவசம். கிருத்தாவும் பிளெண்டரும் அதில் நன்றாக ஓடும், ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையின் பல விளையாட்டுகளும் ஓடும், வேலரன்ட் மட்டும் ஓடாது.

வரைவதற்குக் கிருத்தாவை நிறுவுங்கள், இலவசம், முழுமையானது. பேனாவின் அழுத்தம் வேலை செய்யாவிட்டால் அதன் டேப்லெட் அமைப்பில் வின்டேப், விண்டோஸ் இங்க் என்ற இரண்டில் மற்றொன்றுக்கு மாற்றிப் பாருங்கள். பலகையின் இயக்கியில் (அதை இயக்கும் மென்பொருள்) திரையின் அகல உயர விகிதத்துக்குப் பொருந்துமாறு பரப்பை அமைக்காவிட்டால் நீங்கள் போடும் வட்டம் முட்டையாக விழும். தானாகச் சேமிக்கும் இடைவெளியை ஐந்து நிமிடமாக்குங்கள். மின்சாரம் சொல்லாமல் போகும் ஊர் இது. வரையும்போது விண்டோஸின் இரவு ஒளியை அணைத்துவிடுங்கள். மஞ்சள் பூத்த திரையில் தேர்ந்த நிறம் மறுநாள் நீலமாகத் தெரியும்.

தகரக் கூரையின் கீழுள்ள அறையில் பிற்பகலில் வெப்பம் ஏறும். கேசிங்கின் முன்பக்கம் காற்றை உள்ளிழுக்க ஒரு விசிறியாவது, பின்பக்கம் வெளியேற்ற ஒன்றாவது இருக்கட்டும். கணினியைத் தரையில் வைக்காமல் மேசைமேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்து வைத்து, பிற்பகலில் கனமான விளையாட்டு ஒன்றை அரைமணி நேரம் ஆடிப் பாருங்கள். 5600இன் உச்ச வரம்பு 90 டிகிரி; எண்பதுகளின் தொடக்கத்தில் நின்றால் கவலையில்லை, வரம்பை முட்டினால் குளிர்விப்பானின் திருகுகள் சீராக இறுகவில்லை என்றே முதலில் சந்தேகப்படுங்கள்.

இந்தச் சோதனையை வாங்கிய முதல் வாரத்திலேயே செய்துவிடுங்கள். மாற்றிக் கேட்கும் காலக்கெடு கடைக்குக் கடை மாறும், பல இடங்களில் ஏழே நாள்தான். உத்தரவாதம் முடியும்வரை அட்டைப்பெட்டிகளை வைத்திருங்கள். ரசீது வெப்பத்தாளில் அச்சிட்டதாக இருந்தால் நம் ஊர் வெக்கையில் ஓராண்டுக்குள் எழுத்து மங்கிவிடும் என்பதால், வாங்கிய அன்றே அதையும் ஒவ்வொரு பாகத்தின் வரிசை எண்ணையும் படமெடுத்து, கணினியில் மட்டும் வைக்காமல் கைப்பேசியிலும் சேமித்துக்கொள்ளுங்கள்.